வேவு பார்க்கப் போய் வானத்திலிருந்து குதித்தது

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) மண்டியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். வீடு விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சர் ரயிலில் போய் சாயந்திரம் எந்த பஸ் கிடைக்கிறதோ அதில் திரும்புவேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

தரம் பார்ப்பது என்றால் சந்தேகப்படுவது. மூட்டை வண்டியிலிருந்து இறங்கியதும் அதன் வாயை அவிழ்த்து முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடவேண்டும். மேலே நல்ல காய் இருக்கும், நடுவில் சொத்தை இருக்கும், அடியில் மண்ணும் கல்லும் இருக்கும். எடை ஏறட்டும் என்று தண்ணீர் தெளித்திருப்பார்கள். கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் கை தளர்ந்துவிடும் என்று எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மண்டிக்காரர் சொல்வார். அவரைத்தான் நாங்கள் எல்லாரும் முதலாளி என்போம். நாலைந்து வருஷம் அந்த வேலை செய்ததில் எனக்கு அது புத்தியாகவே ஆகிப்போனது. யார் என்ன சொன்னாலும் நடுவில் கையை விட்டுப் பார்க்கத் தோன்றும். வீட்டில் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட, ‘இதுல இன்னா உள்குத்து வெச்சிருக்கீங்க’ என்று என் மனைவி கேட்கும் அளவுக்கு அவளையும் அது தொற்றியிருந்தது.

அந்த மண்டிக்குத்தான் ஒரு நாள் ஹவில்தார் வந்தார். ஒல்லியான ஆள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு, தேய்ந்துபோன பட்டாளத்து பூட்ஸ் மாட்டியிருந்தார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார். பட்டாளத்தில் பாராசூட் படையில் இருந்து ஓய்வுபெற்றவர் என்று தன்னைப் பற்றிச் சொன்னார்.

“திருவெண்ணெய்நல்லூர் ஆஸ்பத்திரிக்கு வேன் இல்லீங்க. பிரசவத்துக்குப் பொம்பளைங்களை மாட்டு வண்டில வெச்சி, ஆத்து மணலைத் தாண்டி இட்டுக்கினு வர்றாங்க. வேன் ஒண்ணு வாங்கிக் குடுக்கணும். அதுக்கு ஒரு நிகழ்ச்சி பண்லாம். உள்ளூர் ஆளுங்க ரெண்டு பேரு பிளேன்லேர்ந்து பாராசூட்டுல குதிக்கிற மாதிரி. நான் பழக்கி விடறேன். டிக்கெட் போட்டா ஜனம் அலைமோதும். பெரிய மனுஷங்க நீங்க முன்ன நிக்கணும்.”

முதலாளி மறுப்புச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார், காப்பி வரவழைத்துக் கொடுத்தார். ஹவில்தார் படியிறங்கிப் போனதும் பக்கத்து மண்டிக்காரர்கள் வந்து கூடிவிட்டார்கள்.

“இன்னாய்யா இவன், வானத்துலேர்ந்து குதிக்க வைக்கறேன்றான்?”

“பிளேனுக்கு இவன் எங்க போவான்? தாம்பரத்துலேர்ந்து தள்ளிக்கினு வருவானா?”

“முன்ன ஒருத்தன் எறங்காம சைக்கிள் ஓட்டறேன்னு வந்தான் பாரு, பஸ் ஸ்டாண்டாண்ட. மூணாம் நாளு சைக்கிளும் இல்ல, உண்டியலும் இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வருஷம் அவருக்கு ஊரில் பேர் வேண்டியிருந்தது. மண்டிக்காரர்கள் சங்கத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. வேன் நிஜமென்றால் அதை விட்டுவிட அவருக்கு மனசில்லை. பொய்யென்றால் மாட்டிக்கொள்ளவும் மனசில்லை. சாயந்திரம் நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

“குதிக்கறதுக்கு ஆளு கேட்டான் இல்ல, நீ பேரு குடு.”

“நானா?”

“கூடவே இரு. இன்னா பண்றான், எங்க போறான், யாரைப் பாக்கறான், எல்லாத்தையும் வந்து எங்கிட்ட சொல்லு.”

“நெஜமாவே குதிக்கச் சொன்னாருன்னா?”

“அது வரைக்கும் போவாதுடா. அதுக்கு முந்தியே ஓடிடுவான்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அவரு ஓடலேன்னா?”

பயிற்சி விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. சாயந்திரங்களில் மண்டியிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்ப முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். பேர் கொடுத்திருந்த இன்னொருவர், வேன் எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமோ அதில் வேலை பார்த்த நர்சம்மா. முப்பது வயதிருக்கும். திண்டிவனத்துக் கிறிஸ்தவக் குடும்பம். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, புடவையை மாற்றி பேன்ட் சட்டையோடு மைதானத்துக்குள் வருவார். பார்க்க வந்தவர்கள் முதல் இரண்டு நாள் அந்த பேன்ட்டைத்தான் பார்த்தார்கள்.

சுவரின் மேல் நிறுத்தி வைக்கோலில் குதிக்கச் சொன்னார் ஹவில்தார். முட்டியும் பாதமும் ஒட்டியிருக்கவேண்டும், தரையைப் பார்க்கக்கூடாது, விழும்போது பக்கவாட்டில் உருளவேண்டும். புளியமரத்துக் கிளையில் வார்களைக் கட்டி எங்களைத் தொங்கவிட்டு இப்படியும் அப்படியும் ஆட்டினார். “காலைச் சேரு! காலைச் சேரு!” என்று கத்துவார். அவர் மட்டும் ஒரு தடவைகூடச் சுவரிலிருந்து குதித்துக் காட்டவில்லை. முட்டி போய்விட்டது என்றார். நான் அதை மனசில் குறித்துக்கொண்டேன். முதலாளியிடம் முதலில் சொன்னதே அதுதான்: “சார், அவரு குதிக்க மாட்டேன்றாரு.”

ஒரு நாள் வைக்கோலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது நர்சம்மா என் பக்கம் திரும்பினார்.

“ஒங்களை அவரை வேவு பாக்கத்தான அனுப்பியிருக்காங்க?”

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன்.

“பரவால்ல, நானும் வேவு பாக்கத்தான் வந்திருக்கேன். ஒங்க மொதலாளியை.”

“அவரை எதுக்கு?”

“வேன் வாங்குவாரு. அதுல மண்டி பேரைப் பெரிசா எழுதுவாரு. எழுதட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வண்டி திண்டிவனத்துலயே நிக்கும். அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போவும், கோயிலுக்குப் போவும். எங்களுக்கு வலி எடுத்துச்சின்னா போன் பண்ணி, அந்த போன் கெடைச்சி, அங்கேர்ந்து வண்டி வந்து... ஆவற கதையா? குதிக்கறவ நானுன்னு நோட்டீஸ்ல இருந்தா, நாளைக்கு நான் போயி கேட்டா ‘நீ யாரு’ன்னு யாரும் கேக்க முடியாதில்ல?”

அப்படி ஒரு கணக்கு அவருக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. முதலாளியின் சோற்றைத் தின்கிறவன் என்பதால் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நடக்கக்கூடியது என்று எனக்கே தெரிந்ததால் கோபம் நிலைக்கவில்லை.

பாராசூட் பைகள் லாரி பார்சலில் வந்தன. முதுகில் மாட்டும் பெரிய பை மூன்று. எங்களுக்கு இரண்டு, விமானத்தில் கூட வந்து எங்களை இறக்கிவிடும் ஹவில்தாருக்கு ஒன்று. நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சின்னப் பை தனியாக. பெரிய பையின் உச்சியில் ஒரு நாடா இருக்கும். அதை விமானத்துக்குள் ஒரு கம்பியில் மாட்டிவிடுவார்கள். குதித்ததும் நாடா இழுத்துப் பையைத் திறந்துவிடும், நாம் எதையும் செய்யவேண்டியதில்லை. அது ஏமாற்றினால் சின்னப் பையின் பிடியை நாமே இழுக்கவேண்டும். அவ்வளவுதான் என்றார் ஹவில்தார்.

“தொறந்து காட்டுங்க” என்றேன்.

“எதை?”

“பையை. உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கணும்.”

நர்சம்மா என்னை முறைத்தார். ஹவில்தார் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தச் சொன்னார். ஒரு பையை நடுவில் வைத்து அவிழ்த்தார். வெள்ளைத் துணி வந்தது, வந்துகொண்டே இருந்தது, கூடம் முழுக்க நிறைந்தது. நான் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முழமாக விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஒட்டுத் தையல் தட்டுப்பட்டது.

“இது இன்னா?”

“முள்ளுல மாட்டிக் கிழிஞ்சது. நான்தான் தெச்சேன்.”

“இதை நம்பியா குதிக்கறது?”

“அதுலயே நான் குதிச்சிருக்கேன்.”

“அது நீங்க சொல்றது.”

அவர் சுள்ளென்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, கெட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு, கயிறுகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கி மடிக்க ஆரம்பித்தார். இருட்டும் வரைக்கும் அந்த ஒரு பைக்கே ஆனது. “தொறக்கறது ஜல்தி. மடிக்கறதுதான் பேஜாரு” என்று மட்டும் சொன்னார்.

துணி நிஜம்தான். ஆனால் ஆள்? எந்த ஊர் என்று கேட்டதற்குக் கெடார் என்றிருந்தார். பட்டாளத்துக் காகிதம் எதுவும் காட்டவில்லை. கேட்டால் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் திருவண்ணாமலை ரோட்டு பஸ் ஏறிக் கெடாரில் இறங்கினேன்.

டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தேன். பட்டாளத்தில் இருந்தவர், கால் விந்துவார், இன்ன பேர் என்றேன். கடையில் இருந்த விவசாயிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பட்டாளத்துக்காரரா? அப்படி ஆரும் நம்ம ஊர்ல இல்லியே.”

“நல்லா யோசிச்சிச் சொல்லுங்க.”

“எங்களுக்குத் தெரியாம ஊர்ல ஒருத்தன் இருப்பானா? ஒங்ககிட்ட எவனோ டுபாக்கூர் உட்டிருக்கான்.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் உண்மை. மூட்டையின் நடுவில் கை கல்லைத் தொட்டுவிட்டது. முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றேன். அப்போது கரும்புக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நிழலில் நின்ற ஒருவர், கடைப்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு என் அருகில் வந்தார்.

“நீங்க கேட்ட எடம் தப்புங்க. காலனில கேக்கணும்.”

அவர் ஹவில்தாரின் சித்தப்பா மகன். ரோட்டைத் தாண்டிக் கால் மைல் கூட்டிக்கொண்டு போனார். ஹவில்தார் அன்று வீட்டில் இல்லை. ஓட்டு வீடு. சுவரில் பட்டாளத்துச் சட்டையும் தொப்பியுமாக நிறையப் பேர் வரிசையாக நிற்கும் போட்டோ. இரண்டாம் வரிசையில் அவர். பக்கத்தில் மாலை போட்டு இன்னொரு படம், சின்ன வயசுப் பெண்.

“தங்கச்சி. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் குடுத்திருந்தோம். மொத பிரசவம். வண்டில போய்க்கினு இருக்கும்போதே... ஆத்துலயே ஆயிப்போச்சு. இவன் அப்போ லீவு கெடைக்காம வடக்குல இருந்தான்.” மாலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். “டீக்கடையில இல்லன்னு சொன்னாங்களா? அவங்க சொல்றதுல பொய் ஒண்ணும் இல்லீங்க. ஊருன்னா அவங்க ஊரு. எங்களை அதுல சேக்க மாட்டாங்க.”

மறுநாள் மண்டியில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் நிஜம், பட்டாளம் நிஜம், தங்கை செத்தது நிஜம், இனி சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்றேன். அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

“கெடார்ல எந்தத் தெரு?” என்றார்.

“காலனிங்க.”

“ஓஹோ.”

துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வாரம் அச்சாகி வந்த நோட்டீஸில் ஹவில்தார் பேரே இல்லை. ‘சென்னை விமான நிபுணர்கள் மேற்பார்வையில்’ என்று இருந்தது. விமானத்தை ஓட்டிவரும் பைலட் ஒருவரைத் தவிரச் சென்னையிலிருந்து யாரும் வரப்போவதில்லை. அவரை ஏற்பாடு செய்ததும், கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கியதும் ஹவில்தார்தான். டிக்கெட் விற்கிற வேலையில் அவர் கை படக்கூடாது என்றும் பேச்சு வந்தது. ஏமாற்றுக்காரனோ என்று சந்தேகம் இருந்தபோது காப்பி கொடுத்தார்கள். நல்லவர் என்று தெரிந்தபிறகு மண்டிப் படிக்குக் கீழேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்கள். நான் கையில் தராசோடு நின்று அதைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது தராசைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அன்று மாலை மைதானத்தில் என்னிடம் வந்தார்.

“கெடார் பஸ்ஸுல ஒக்கார எடம் கெடைச்சிதா?”

“கெடைச்சிது” என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்குப்பிறகு பயிற்சி முடிகிற வரைக்கும் ‘காலைச் சேரு’ என்பதைத் தவிர என்னிடம் அவர் எதுவும் பேசவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது அப்போதுதான். உயரத்தைப் பற்றிய பயம் அல்ல. பையை மடிப்பவர் அவர். பெரிய பை, சின்னப் பை இரண்டையும் அவர்தான் மடிக்கிறார். அவர் ஒரு கயிற்றை மாற்றிச் சுற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? என் மனைவியிடம் சொன்னபோது அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டாள்.

“அந்த மனுஷனைக் காட்டிக் குடுத்துட்டு, அவரு கட்டிக் குடுக்கற மூட்டையை முதுகுல மாட்டிக்கினு மேலேர்ந்து உழப்போறீங்களா? ஒண்ணும் வேணாம். காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுத்துக்குங்க.”

நான் முதலாளியிடம் போய் விலகிக்கொள்கிறேன் என்றேன். “நோட்டீஸ் போட்டாச்சு, ஊரெல்லாம் ஒன் பேரு ஒட்டியாச்சு. குதிச்சிடுடா” என்றார், கடைக்குப் போய்விட்டு வா என்பதுபோல.

உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் பழைய சண்டைக் காலத்து ரன்வே ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போனது. சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு அது களம். அன்று காலையிலும் அதன்மேல் காய வைத்திருந்த மல்லாட்டையைப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே பெருக்கி ஒதுக்கினார்கள். விழுப்புரத்திலிருந்து, திண்டிவனத்திலிருந்து, எங்கிருந்தெல்லாமோ பஸ்ஸில் ஜனம் வந்து இறங்கியது. அந்தச் சின்ன விமானம் முந்திரித் தோப்புக்கு மேலே தாழ்ந்து வந்து இறங்கும் வரைக்கும் பாதிப்பேர் நம்பவில்லை. இறங்கிய பிறகும், “மேலேர்ந்து வைக்கப் பொம்மையைத் தள்ளி உடுவானுங்க, பாரு” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

பந்தலில் முதலாளி பேசினார். தர்மத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். ஹவில்தார் விமானத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். அடுத்து நர்சம்மாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

“ஐயா, வேன் திருவெண்ணெய்நல்லூர் ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கும்னு நீங்க சொன்னதா இந்த ஜனங்ககிட்ட நான் சொல்லிடட்டுங்களா?”

முதலாளி அப்படி எப்போதும் சொன்னதில்லை. கூட்டம் முழுவதும் அவர் முகத்தைப் பார்த்தது. “ஆமா, ஆமா... அங்கதான நிக்கணும்” என்றார். அதை மைக்கிலேயே சொல்லும்படி நர்சம்மா அவர் வாய்க்கு நேராக நீட்டினார். சொன்னார். கைதட்டல் எழுந்தது. “இவருகிட்ட எழுதி வாங்கிக்கினாலும் நம்ப முடியாது, இவ்ளோ பேரு காதுல உழுந்துச்சில்ல” என்று விமானத்துக்கு நடந்து வரும்போது நர்சம்மா என்னிடம் சொன்னார்.

விமானத்தின் கதவைக் கழற்றியிருந்தார்கள். மூன்று பைகளும் புல்லில் வரிசையாக இருந்தன. ஹவில்தார் நர்சம்மாவுக்கு வார்களை இறுக்கிக் கட்டினார். பிறகு என்னுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஒரு அடி பின்வாங்கினேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

“இன்னா?”

“இல்ல... ஒரு தடவ தொறந்து பாத்துட்டா...”

“இப்பத் தொறந்தா மடிச்சி முடிக்கப் பொழுது போயிடும்.” என் முகத்தையே பார்த்தார். “சந்தேகமா?”

நான் புல்லில் இருந்த இன்னொரு பையைப் பார்த்தேன்.

“இது ஒனக்குன்னு மடிச்சது. அது எனக்குன்னு மடிச்சது. நீ அதை எடுத்துக்க. இதை நான் போட்டுக்கறேன். சின்னப் பையையும் மாத்திக்க.”

சரியென்று தலையாட்டினேன். அவருக்கென்று இருந்த பைகளை எனக்குக் கட்டிவிட்டார். நான் பயந்த பைகளைத் தான் மாட்டிக்கொண்டார். அப்போதும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? இவர்தான் குதிக்கப்போவதில்லையே, எதை மாட்டினால் இவருக்கு என்ன?

விமானம் வட்டமடித்து வட்டமடித்து ஏறியது. உள்ளே பேச்சே கேட்காத அளவுக்கு இரைச்சல். ஹவில்தார் எங்கள் நாடாக்களைக் கம்பியில் மாட்டி, நாங்கள் பார்க்கும்படி இழுத்துக் காட்டினார். கதவு இருந்த இடத்தில் வானம் இருந்தது. நர்சம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார், கால்களை வெளியே வைத்தார், ஹவில்தார் தோளில் தட்டியதும் காணாமல் போனார். நாடா படபடவென்று அடித்துக்கொண்டது.

அடுத்தது நான். காலை வெளியே வைத்ததும் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். கீழே பெண்ணையாற்று மணல் நூல் மாதிரி தெரிந்தது. தோளில் தட்டினார். நான் போகவில்லை. மறுபடி தட்டினார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருக்கும் என்று தேடினேன். அவர் என் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார், குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல, மெதுவாக. “காலைச் சேரு” என்று வாயசைத்தது தெரிந்தது. வலது கையை நானே விட்டேன்.

விழுந்தது கொஞ்ச நேரம்தான். கண்ணை மூடிக்கொண்டேன், யாரோ பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்து வெடுக்கென்று தூக்கியதுபோல இருந்தது. அதற்குப்பிறகு சத்தமே இல்லை. அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக்குடை முழுசாக விரிந்திருந்தது. அதில் ஓர் ஒட்டுத் தையலும் தெரிந்தது. நான் விரலில் தேய்த்துச் சண்டை போட்ட அதே ஒட்டு. கீழே எங்கோ நாய் குரைப்பது தெளிவாகக் கேட்டது. அவ்வளவு உயரத்தில் ஒரு நாயின் குரல் கேட்கும் என்று யார் சொன்னாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

கரும்பு வெட்டிய கொல்லையில் விழுந்து உருண்டேன். ஒன்றும் ஆகவில்லை. முதலில் ஓடிவந்த ஆள் கேட்டது, “கயிறு கட்டி எறக்குனாங்களா?” நான் பதில் சொல்வதற்குள் அவர் வாயைப் பிளந்துகொண்டு மேலே கையைக் காட்டினார். மூன்றாவதாக ஒரு குடை வந்துகொண்டிருந்தது.

அவர் ரன்வேயின் ஓரத்தில், ஜல்லி குவிந்திருந்த இடத்தில் இறங்கினார். நான் ஓடிப்போனபோது மல்லாந்து கிடந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே திரும்பியிருந்தது. நர்சம்மா எனக்கு முன்பே வந்து, தன் பாராசூட் வாரை அவிழ்த்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். முதலாளியின் கார் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றது. வேறு வண்டியே இல்லை. அவர் காரைப் பார்த்தார், ஹவில்தாரைப் பார்த்தார், பஸ் ஏதாவது வருமா என்று ரோட்டைப் பார்த்தார்.

“கதவைத் தொறங்க” என்றார் நர்சம்மா.

“டிரைவர் எங்கயோ...”

“கதவைத் தொறங்கய்யா!”

திறந்தார். நாங்கள் தூக்கி உள்ளே கிடத்தினோம். டிரைவரை நான் தேடிப் பிடித்து வந்தேன். விழுப்புரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஹவில்தார் தலை என் மடியில் இருந்தது. ஒரு தடவைகூட முனகவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அடுத்த நாளே மண்டியில் பேச்சு கிளம்பிவிட்டது. கால் உடைந்தது டிராமா, இன்னொரு வசூலுக்கு வழி என்றார்கள். “மாவுக்கட்டை நீ தொட்டுப் பாத்தியா? உள்ள கால் நெஜமாவே உடைஞ்சிருக்குதா?” என்று என்னிடமே கேட்டார்கள். எனக்கும் ஒரு பங்கு வந்ததாகச் சொன்னார்கள். மூன்றாவது குடையைக் கண்ணால் பார்த்தவர்களே, அது பொம்மைதான், ஆளை முன்னாலேயே அங்கே படுக்க வைத்திருந்தார்கள் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன், உட்காரச் சொல்வார் என்று. சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

“நீங்க எதுக்குக் குதிச்சீங்க? எனக்குக் காட்டணும்னா?”

“ஒனக்கு எதுக்கு நான் காட்டணும்?” என்றார். “கதவு தொறந்து கெடந்துது. கீழ அவ்ளோ ஜனம். இன்னொரு தடவ கெடைக்குமா எனக்கு?”

அது உண்மையா, என்னை விட்டுவிடுவதற்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“பாராசூட்டுங்க எங்க?” என்றார் உடனே.

என் வீட்டில்தான் இருந்தன. மறுநாள் கொண்டுவரச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நானும் நர்சம்மாவும் ஒவ்வொன்றாக விரித்தோம். அவரைக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். என்னுடைய பாராசூட்டின் ஓரத்தில் அவர் விரல் நின்றது. ஒரு ஜாக்கெட் தைக்கும் அளவுக்குத் துணி சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. கரும்புக் கொல்லையில் கூட்டம் சுற்றி நின்றபோது யாரோ வேலையைக் காட்டியிருக்கிறார்கள்.

“நான் இல்ல” என்றேன்.

“நீ இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒன் வீட்லதான இருந்துச்சு?”

நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹவில்தார் சிரிக்கவில்லை. “வீட்டம்மா புது ஜாக்கெட்டு ஏதாச்சும் போட்டிருக்காங்களா, பாரு” என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் கெடார் போய்வந்த பிறகு, காலைச் சேர்ப்பதைத் தவிர வேறு விஷயமாக அவர் என்னிடம் இத்தனை வார்த்தை பேசியது அந்த இரண்டு நாளில்தான்.

கட்டுப் பிரித்த பிறகு அவர் கோலூன்றி நடந்தார். கெடாருக்கே போய்விட்டார். நான் இரண்டு மூன்று முறை பார்க்கப் போனேன். டீக்கடையில் வழி கேட்கவில்லை.

வேன் வர மாசக்கணக்கானது. நர்சம்மா சொன்னபடியே இரண்டு பக்கமும் மண்டிப் பேர் பெரிசாக எழுதியிருந்தது. முதலாளி சங்கத் தேர்தலில் ஜெயித்தார். வண்டியை ஒரு கல்யாணத்துக்கு அனுப்பச் சொல்லித் திண்டிவனத்திலிருந்து ஆள் போனபோது, மைக்கில் கேட்ட ஜனம் ஆஸ்பத்திரி வாசலில் கூடிவிட்டதாம். வந்தவன் வெறுங்கையோடு திரும்பினான். முதலாளி அந்தக் கோபத்தை என்மேல் காட்டினார். அந்த வருஷக் கடைசியில் நான் விழுப்புரத்திலேயே வேறு மண்டிக்கு மாறிக்கொண்டேன்.

மாறுவதற்கு முன் ஒரு தடவை திருவெண்ணெய்நல்லூர் போயிருந்தேன். வேன் வாசலில் நிழலில் நின்றது. பின் இருக்கையை எடுத்துவிட்டு மெத்தை போட்டிருந்தார்கள். டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சாவியைக் கேட்டால் அவரிடம் இல்லை. நர்சம்மா தன் இடுப்பில் செருகியிருந்தார்.

“டிரைவர் நல்ல ஆளாத்தான இருக்காரு?” என்றேன்.

“நல்ல ஆளுதான்” என்றார். “இருந்தாலும் எங்கிட்டயே இருக்கட்டும்.”